தைத்தேனியத்தின் மேற்பரப்பு: ஒரு வரலாற்று நோக்கு

உலோகங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றின் உறுதியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வெண்கலக்காலம், இரும்புக்காலம் என மனித நாகரிகத்தின் படிகளுக்கே உலோகங்களின் பெயரிட்டு வழங்கிய அறிஞர், அவை எத்துணைக் கூர்மை பெறும், எத்துணைப் பாரம் தாங்கும் என்பவற்றையே முதன்மையாகக் கருத்திற் கொண்டனர். ஆயின் மனித உடலினுள்ளே வைக்கப்படும் உலோகத்தைப் பொறுத்தவரை இவ்வளவுகோல் போதாது. உடைந்த என்பை இணைக்கும் திருகாணியோ, தாடையிற் பதிக்கப்படும் செயற்கைப் பல்லின் வேரோ, இடுப்பு மூட்டினுள் இறக்கப்படும் தண்டோ உடலோடு உறவுகொள்வது தன் முழுத் திணிவினாலன்று. குருதியையும் இழையத்தையும் தொட்டுநிற்கும் மிக மெல்லிய புறப்படையினாலேயே அவ்வுறவு அமைகின்றது.

பேச்சு வழக்கில் டைற்றேனியம் எனப்படும் தைத்தேனிய உலோகம் இவ்வுண்மைக்குச் சிறந்த சான்றாகும். மருத்துவத்தில் அதன் வரலாற்றை ஊன்றி நோக்குவோர், அதன் மேற்பரப்பை அமிலங்களாலும் காரங்களாலும் பதனிடும் முயற்சியில் அடிப்படையான ஒரு நோக்கமாற்றத்தைக் காண்பர். தொடக்கத்தில் இரசாயனம் உலோகத்தை அடக்கிவைக்கப் பயன்பட்டது. உடல் அதனைக் கவனியாது விட்டாற் போதும் என்பதே அன்றைய இலட்சியம். பின்னர் அதே இரசாயனம் என்பை உலோகத்தின்பால் அழைக்கப் பயன்படுத்தப்பட்டது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் மருத்துவம் பெற்றதென்ன, அதற்குக் கொடுக்க நேர்ந்த விலையென்ன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மணலிலிருந்து உலோகத்துக்கு

இங்கிலாந்தின் கோண்வால் பகுதியில் மதகுருவாயிருந்த வில்லியம் கிறெகர் என்பார், 1791 இல் மனக்கன் என்னும் ஊரின் ஓடையிற் கிடைத்த கருமணலை ஆராய்ந்து, அதனுள் அதுவரை அறியப்படாத ஒரு மூலகம் உண்டெனக் கண்டார். 1795 இல் ஜேர்மானிய இரசாயனவியலாளரான மார்ட்டின் கிளாப்புறொத், உரூத்தைல் என்னும் கனியத்தில் ஒரு புதிய மூலகத்தைக் கண்டு, கிரேக்க புராணங்களில் வரும் பூமியின் மைந்தராகிய தைத்தன்களின் பெயரை அதற்கிட்டார். இரண்டும் ஒன்றே என்பது பின்னர் தெளிவாயிற்று. கிறெகர் ஆராய்ந்த கருமணல் இல்மனைற்று எனப்படும். இலங்கையின் வடகீழ்க் கரையிலுள்ள புல்மோட்டை மணலிற் செறிந்திருப்பனவும் இல்மனைற்றும் உரூத்தைலுமே. எனினும் உலகில் அகழப்படும் தைத்தேனியக் கனியங்களின் மிகப் பெரும்பகுதி உலோகமாக மாற்றப்படுவதில்லை. வெண்ணிறப் பூச்சுக்களுக்கான நிறப்பொருளாகவே பயன்படுகின்றது.

கனியத்தை அறிவது எளிதாயிருந்தது; உலோகத்தைப் பிரித்தெடுப்பதோ அரிதாயிற்று. தைத்தேனியம் ஒட்சிசனையும் நைதரசனையும் மிக விருப்போடு பற்றிக்கொள்ளும் இயல்பினது. இதனாற் கிளாப்புறொத் பெயரிட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் தூய உலோகம் கைக்கெட்டவில்லை. 1910 இல் அமெரிக்காவில் மத்தியூ ஹண்டர், தைத்தேனியம் நாற்குளோரைட்டைச் சோடியத்துடன் வெப்பமேற்றித் தூய உலோகத்தைப் பெற்றார். லக்சம்பேர்க்கைச் சேர்ந்த வில்லியம் குறோல் 1930களில் மகனீசியத்தைப் பயன்படுத்தும் முறையை வகுத்தார். அம்முறையின் வழியே 1948 இல் அமெரிக்காவில் வணிக உற்பத்தி தொடங்கிற்று. இலேசான, ஆனால் உறுதியான உலோகம் ஒன்றை விமானத்துறை வேண்டிநின்ற காலம் அது. மருத்துவர் கைக்கு இவ்வுலோகம் எட்டியதும் அந்த உற்பத்திப் பெருக்கின் பயனாகவே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஒட்சிசன்மீது இவ்வுலோகத்துக்குள்ள பெருவிருப்பு, பிரித்தெடுப்போர்க்குத் தொல்லையாயிற்று. உடலுக்கோ நன்மையாய் முடிந்தது. புதிதாக வெட்டப்பட்ட தைத்தேனியம் காற்றைத் தொட்ட கணத்திலேயே அதன்மேல் ஈரொட்சைட்டுப் படை ஒன்று தோன்றுகின்றது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்திற் சில பங்கே. ஆயினும் உப்பும் நீரும் நிறைந்த உடற்பாய்மத்தினின்றும் உலோகத்தை அது காக்கின்றது; கீறுண்டாலும் மீளத் தோன்றுகின்றது. எனவே உடல் காண்பது உலோகத்தையன்று, அதன் ஒட்சைட்டையே எனலாம்.

மும்முறை காணப்பட்ட உண்மை

தைத்தேனியம் என்போடு இணையும் இயல்பினைச் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்-இங்வார் பிறனமார்க் தற்செயலாகக் கண்டுபிடித்தார் என்பது பரவலாக வழங்கும் செய்தி. 1952 இல் லுண்ட் நகரில், முயல்களின் கால் என்பினுள் குருதியோட்டத்தை உயிரோடிருக்கையிலேயே நுணுக்குக்காட்டியாற் பார்ப்பதற்காக, தைத்தேனியத்தாற் செய்த சிறு கூடுகளை அவர் பொருத்தினார். ஆய்வு முடிந்தபின் அவற்றை அகற்ற முற்பட்டபோது, அவை என்போடு பிரிக்கவொண்ணாதவாறு ஒன்றியிருந்தமை கண்டார். நிகழ்ச்சி உண்மையே. ஆனால் முதன்முதலாகக் கண்டவர் அவரே எனக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளின் முன்னரே, 1940 இல், பொத்தே, பீற்றன், டவன்போர்ட் ஆகிய மூவரும் பூனைகளின் என்பிற் பல்வேறு உலோகங்களைப் பதித்து ஆராய்ந்து, தைத்தேனியத்தோடு என்பு இணையும் போக்கினை எடுத்துக்காட்டியிருந்தனர். 1951 இல் அமெரிக்க சத்திரசிகிச்சையாளரான லெவன்தால், எலிகளின் தொடையென்பிற் பதித்த தைத்தேனியத் திருகாணிகள் நாட்செல்லச் செல்ல மேலும் இறுகியதைப் பதிவு செய்தார். பதினாறு வாரங்களின் பின்னர் ஒரு திருகாணியை அகற்ற முயன்றபோது என்பே முறிந்ததாம்.

ஒரே உண்மை மும்முறை காணப்பட்டும் முன்னிரு முறையும் அது ஒரு புதுத் துறையாக மலராமைக்குக் காரணம் யாது? 1940 இல் உலோகம் கிடைத்தற்கரியதாயிருந்தது ஒரு காரணமாகலாம். அதனினும் முக்கியமானது அக்காலத்து வினாவின் அமைப்பு. உடலிற் பதித்த உலோகங்கள் அரிப்புண்டு இழையத்தைக் கெடுத்த அனுபவம் மருத்துவர்க்கு நிரம்ப இருந்தது. ஆகவே அவர்கள் எழுப்பிய வினா, ‘இவ்வுலோகம் தீங்கு செய்யுமா?’ என்பதாகவே இருந்தது. தீங்கு செய்யாது என்ற விடையோடு ஆய்வு நிறைவெய்தியது. மேலும், அந்நியப் பொருளுக்கும் என்புக்கும் இடையே நார்த்தன்மையான இழையப்படை ஒன்று தோன்றியே தீரும் என்பது அன்று வேரூன்றிய கருத்து. பற்சிகிச்சைத் துறையினர் சிலர் அப்படையை இயற்கைப் பல்லைத் தாங்கும் இணையத்துக்கு ஒப்பானதெனப் போற்றியும் வந்தனர்.

பிறனமார்க்கின் பெருமை முதலிற் கண்டமையிலன்று, கண்டதை வினாவாக மாற்றியமையிலேயே உள்ளது. கோதன்பேர்க் நகரில் தம் குழுவினருடன் பல ஆண்டுகள் விலங்குகளில் ஆராய்ந்தபின், 1965 இல் தாடை குறைபாடுற்ற ஒருவருக்கு முதன்முதலாகத் தைத்தேனிய உட்பதியங்களைப் பொருத்தினார். நார்ப்படையின்றி உயிருள்ள என்பு உலோகத்தோடு நேரே ஒன்றுகின்றது என்னும் கருத்துச் சுவீடனிலேயே கடும் ஐயப்பாட்டுக்கு உள்ளாயிற்று. இந்நிலையைக் குறிக்க ‘என்பிணைவு’ எனப் பொருள்படும் கலைச்சொல் 1977 இல் வெளியான அவரது குழுவின் நூலில் இடம்பெற்றது. 1982 இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் நிகழ்ந்த மாநாட்டின் பின்னரே வட அமெரிக்கக் கல்வியுலகு அதனைப் பரவலாக ஏற்றுக்கொண்டது.

அடக்கும் இரசாயனம்

இக்காலம்வரை உட்பதியங்களின் மேற்பரப்பு பற்றிய சிந்தனை பெரும்பாலும் தூய்மை பற்றியதாகவே இருந்தது. கடைச்சற்பட்டறையிற் செதுக்கப்பட்ட உலோகத்தில் எண்ணெய்ப் பசையும், கருவியினின்று ஒட்டிய இரும்புத் துகள்களும் எஞ்சியிருக்கும். இவற்றை நீக்க நைத்திரிக்கமிலம் பயன்பட்டது. அது இரும்பைக் கரைத்தகற்றும். தைத்தேனியத்தின் ஒட்சைட்டுப் படைக்குத் தீங்கு செய்யாது. கறையில் உருக்கினாலான மருத்துவக் கருவிகளுக்கு வழங்கிய முறையே இங்கும் பின்பற்றப்பட்டது.

ஒட்சைட்டையே கரைக்க வேண்டின் ஐதரோபுளோரிக்கமிலம் தேவைப்பட்டது. ஆயின் அதனைத் தனித்துப் பயன்படுத்தின் வெளிப்படும் ஐதரசன் உலோகத்தினுட் புகுந்து அதனை நொறுங்குந்தன்மையுடையதாக்கும். அதனைக் குறைக்கும் பொருட்டு நைத்திரிக்கமிலத்தை மிகுதியாகக் கலப்பர். இவ்விருவகைச் செய்முறைகளின் இலட்சியமும் ஒன்றே: மாசற்ற, மந்தமான மேற்பரப்பு. உலோகம் உடலினுள் இருந்தும் இல்லாததுபோல் இருத்தல் வேண்டும் என்பதே அதன் உட்கிடை.

பிறனமார்க் குழுவினர் தைத்தேனிய உட்பதியத்தைத் தைத்தேனியக் கருவிகளாலன்றி வேறு உலோகத்தால் தொடலாகாது என விதித்ததும் இதே கவலையினாலேயாம். எனினும் அவர்களிடையே கருத்து மாற்றத்தின் வித்தும் இருந்தது. 1981 இல் அல்பிறெக்சனும் அவர்தம் துணைவரும் என்பிணைவைத் தீர்மானிக்கும் காரணிகள் ஆறு என வகுத்தனர். பொருள், வடிவம், மேற்பரப்பு, என்பின் நிலை, சத்திரசிகிச்சை முறை, பாரம் ஏற்றும் முறை என்பன அவை. பொருளும் மேற்பரப்பும் இங்கு இருவேறு காரணிகளாக எண்ணப்பட்டமை நோக்கற்பாலது. 1983 இல் பௌதிகவியலாளர் பெங்ற் கசேமோ, உட்பதியத்தின் விதியை நிர்ணயிப்பது ஒட்சைட்டுப் படையும் அதன்மேற் படியும் மூலக்கூறுகளுமே என மேற்பரப்பு விஞ்ஞான நோக்கில் விளக்கினார். மருத்துவரின் கண்முன் இருந்த பொருள் இவ்வாறு பௌதிகவியலாளரின் கண்ணாற் புதிதாகப் பார்க்கப்பட்டது.

அரிக்கும் அமிலம்

மேற்பரப்பு மந்தமாயிருத்தல் போதாது என்னும் எண்ணம் சுவிற்சர்லாந்தில் வேறொரு வழியில் வளர்ந்தது. பேண் பல்கலைக்கழகத்தின் அந்திரே சுரோடர் 1970களில், உருகிய தைத்தேனியத் துகள்களை மிகு வெப்பத்தில் உட்பதியத்தின்மேல் விசிறி, கரடுமுரடான புறப்படை ஒன்றை ஆக்கும் முறையைக் கையாண்டார். கரடான பரப்பை என்பு நன்கு பற்றிக்கொண்டது. அப்படியாயின் எவ்வளவு கரடு வேண்டும்? எம்முறையில் ஆக்கிய கரடு நன்று?

இவ்வினாவுக்கு விடைகாண முயன்ற ஆய்வுகளுள் 1991 இல் டானியல் புசரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. அவர்கள் ஆறுவகை மேற்பரப்புக்களை உடைய உட்பதியங்களைச் சிறுபன்றிகளின் கால் என்புகளிற் பதித்து, மூன்றாம் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் என்பு எத்துணைப் பரப்பைத் தொட்டுநிற்கின்றது என அளந்தனர். மின்முறையால் மினுக்கிய பரப்பிலும், மணலெறிந்தபின் ஐதரோபுளோரிக்கமிலமும் நைத்திரிக்கமிலமும் சேர்ந்த கலவையாற் பதனிட்ட பரப்பிலும் இத்தொடுகை 20 முதல் 25 சதவீதமாகவே இருந்தது. துகள் விசிறிய பரப்பில் அது 30 முதல் 40 சதவீதமாயிற்று. பருமணலெறிந்தபின் ஐதரோகுளோரிக்கமிலமும் சல்பூரிக்கமிலமும் சேர்ந்த கலவையால் அரிக்கப்பட்ட பரப்பிலோ 50 முதல் 60 சதவீதத்தை எட்டியது. ஐதரொட்சியப்பற்றைற்றுப் பூச்சுப் பெற்றவை இதனினும் மேலாக, 60 முதல் 70 சதவீதம் பெற்றன. ஆனால் அப்பூச்சுக் கரைந்து தேய்வதற்கான அறிகுறிகளும் உடன் காணப்பட்டன.

இவ்வாய்வின் உட்பொருள் ஆழமானது. மணலெறிந்து அமிலத்தாற் பதனிட்டவை இரண்டு. அவற்றுள் ஒன்று கடைநிலையிலும் மற்றையது முன்னணியிலும் நின்றன. ஆகவே அமிலம் இடுதல் என்பது தனி ஒரு செயலன்று. எந்த அமிலம், எத்துணை வெப்பம், அதற்கு முன் பரப்பு எந்நிலையில் இருந்தது என்பவற்றால் விளைவு மாறுபடும். குருந்தக் கல்லின் பருமணிகள் மோதியதால் உண்டாகும் பெருங்குழிகளின் உள்ளே, வெப்பமான அமிலக்கலவை சில மைக்கிரோமீற்றர் அளவினவான நுண்குழிகளைத் தோண்டுகின்றது. இத்தகைய பரப்பிற் குருதி உறைந்து நார்வலையாகப் பற்றிக்கொள்ளும். என்பாக்கும் கலங்கள் அவ்வலைவழியே நகர்ந்து உலோகத்தை அடைந்து, அதன் மேலேயே புது என்பை இடத்தொடங்கும். வழுவழுப்பான பரப்பில் அவ்வலை எளிதிற் கழன்றுவிடுவதால், பழைய என்பின் ஓரத்திலிருந்து மெல்ல வளர்ந்தே புது என்பு உலோகத்தை எட்டவேண்டியதாகின்றது.

நோயாளியைப் பொறுத்தவரை இதன் பயன் காலச் சுருக்கமே. செதுக்கிய நிலையிலேயே வைத்த உட்பதியங்களுக்குக் கீழ்த்தாடையில் மூன்று மாதமும் மேற்றாடையில் ஆறு மாதமும் பாரமேற்றாது காத்திருக்கவேண்டும் என்பது பிறனமார்க்கின் விதி. அமிலம் அரித்த பரப்பு 1990களின் இறுதியில் வழக்குக்கு வந்தபின், தக்க என்புடையோர்க்கு இக்காலம் ஆறு வாரமளவாகக் குறைந்தது. காற்றிலுள்ள காபன் சேர்வைகள் பரப்பிற் படிந்து அதன் நீர்விருப்பைக் கெடுக்கின்றன என அறிந்தபின், அரித்த உட்பதியத்தை நைதரசன் சூழலிற் கழுவி உப்புக்கரைசலிலேயே மூடிவைக்கும் முறை 2005 இல் சந்தைக்கு வந்தது. கரட்டோடு பரப்பின் இரசாயன நிலையும் முக்கியமென்பதற்கு இது தக்க சான்றாகும்.

காரத்தின் வழி

யப்பானில் இச்சிந்தனை மற்றொரு திசையிற் சென்றது. கியோத்தோ பல்கலைக்கழகத்தின் தடாஷி கொக்குபோ, என்போடு இணையும் கண்ணாடிப் பீங்கான்களை ஆராய்ந்தவர். அவற்றின் மேற்பரப்பில் உடற்பாய்மத்தினின்றும் என்புக்கனியத்தை ஒத்த அப்பற்றைற்றுப் படிவதே இணைவின் திறவுகோல் எனக் கண்டார். பீங்கான் நொறுங்கக்கூடியது, இடுப்பும் முழங்காலும் தாங்கும் பாரத்துக்கு உலோகமே ஏற்றது. அவ்வாறாயின் உலோகத்தின் மேற்பரப்பையே பீங்கானின் இயல்புடையதாக்கல் இயலுமா என்பது அவர் எழுப்பிய வினா.

1996 இல் அவர் குழுவினர் வெளியிட்ட முறை எளிமையானது. தைத்தேனியத்தைச் செறிந்த சோடியமைதரொட்சைட்டுக் கரைசலில் 60 பாகை செல்சியசில் ஒருநாள் ஊறவைத்துக் கழுவி, பின் 600 பாகையளவில் வெப்பமேற்றினர். காரம் ஒட்சைட்டைத் தாக்கி நுண்துளைகள் நிறைந்த சோடியந்தைத்தனேற்றுப் படையை உண்டாக்குகின்றது. வெப்பம் அதனை உறுதியாக்குகின்றது. உடற்பாய்மத்தை அடைந்ததும் இப்படை சோடியம் அயன்களை விடுத்து, முதலிற் கல்சியத்தையும் பின்னர் பொசுபேற்றையும் ஈர்க்கின்றது. முடிவில் அப்பற்றைற்று தானாகவே படிகின்றது. வெளியிலிருந்து பூசிய பூச்சன்று ஆதலின், உரிந்து விழும் அச்சம் இங்குக் குறைவு. இம்முறையாற் பதனிட்ட செயற்கை இடுப்பு மூட்டு யப்பானில் 2007 முதல் மருத்துவ வழக்குக்கு வந்தது.

அமில வழியும் கார வழியும் ஒன்றுக்கொன்று மாறானவை போல் தோன்றினும் அவற்றின் அடிக்கருத்து ஒன்றே. அமிலம் பெரிதும் வடிவத்தை மாற்றிக் கலங்களை அழைக்கின்றது. காரம் பெரிதும் இரசாயனத்தை மாற்றிக் கனியத்தை அழைக்கின்றது. உலோகம் இல்லாததுபோல் இருக்கவேண்டும் என்ற பழைய இலட்சியம் இரண்டிலும் கைவிடப்பட்டது.

அழைப்பின் விலை

ஆயின் திறந்த கதவினூடு அழைத்தவர் மட்டுமே நுழைவர் என்பதற்கு உறுதியில்லை. என்பாக்கும் கலங்கள் பற்றுவதற்கு வசதியான குழிகள் பற்றீரியாக்களுக்கும் வசதியானவையே. என்பினுள் முற்றாக மூடுண்டிருக்கும்வரை கரடான பரப்பு நன்மையே செய்யும். முரசு பின்வாங்கி அப்பரப்பு வாய்க்குழியில் வெளித்தெரியின், அழுக்குப்படை அங்குக் குடியேறி, உட்பதியத்தைச் சூழ அழற்சியையும் என்பிழப்பையும் விளைவிக்கலாம். கரடான பரப்பைத் துப்புரவு செய்தலும் கடினம். 2004 இல் அல்பிறெக்சனும் வெனபேர்க்கும் மேற்பரப்புக்களைக் கரட்டின் சராசரி உயர அளவால் நான்காக வகுத்து, 1 முதல் 2 மைக்கிரோமீற்றர்வரையான நடுத்தரக் கரடே என்பிணைவுக்கு ஏற்றதென வற்புறுத்தியபோது, ‘கூடுதற் கரடு கூடுதல் நன்மை’ என்னும் கருத்துக்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டது.

இவ்விடத்தே வரலாறு நினைவூட்டும் உண்மை ஒன்றுண்டு. 1965 இற் பதிக்கப்பட்ட முதல் உட்பதியங்களுக்கு அமில அரிப்போ காரப் பதனீடோ கிடையாது. செதுக்கிய வெறும் பரப்பினவாகிய அவை, அந்நோயாளி 2006 இல் இறக்கும்வரை நாற்பது ஆண்டுகள் பயன் தந்தன. ஒருவரின் அனுபவத்தைப் பொதுவிதியாகக் கொள்ளல் ஆகாது. மென்மையான என்பிலும் காத்திருக்கும் காலம் குறைந்தவிடத்தும் வெறும் பரப்பு மிகுதியாகத் தோற்றமையும் உண்மையே. ஆனால் பதனிடலின் தெளிவான வெற்றி விரைவிலும் பற்றுறுதியிலும் கிட்டிய வெற்றியாகும். ஆறு வாரத்தில் அளந்த சதவீதம் முப்பது ஆண்டுகளின் பின் என்ன ஆகும் என்பதை அச்சதவீதமே கூறிவிடாது. மேற்பரப்பு ஆறு காரணிகளுள் ஒன்று என்பதையும், ஏனைய ஐந்தும் மருத்துவரின் கைத்திறனையும் நோயாளியின் உடல்நிலையையும் உள்ளடக்கியன என்பதையும் மறந்து, புதிய பரப்பு ஒன்றையே முழுத்தீர்வாக விளம்பரஞ் செய்யும் வணிகப் போக்கு இத்துறையில் இல்லாமலில்லை.

முடிவாக நோக்குமிடத்து, தைத்தேனியத்தின் மேற்பரப்பு வரலாறு விஞ்ஞான வரலாற்று மாணவர்க்கு இரு பாடங்களைத் தருகின்றது. கண்ணுக்குப் புலப்பட்ட உண்மையும், தக்க வினா எழுப்பப்படாதவிடத்துப் பயனின்றிக் கிடக்கும் என்பது ஒன்று. பூனையின் என்பும் எலியின் என்பும் சொன்னதையே முயலின் என்பும் சொன்னது. கேட்டவரின் வினாவே வேறுபட்டது. மற்றையது, ஓர் இலட்சியம் இன்னோர் இலட்சியத்துக்கு இடங்கொடுக்கும்போது பழையது முழுவதும் பொய்யாகிவிடுவதில்லை என்பதாகும். மாசகற்றி அடக்கிவைக்கும் பழைய கலை இன்றும் ஒவ்வோர் உட்பதியத்துக்கும் முதற்படியாகவே உள்ளது. அதன் மீதே அழைக்கும் புதிய கலை எழுந்துள்ளது. என்பை அழைக்கவும் பற்றீரியாவை விலக்கவும் வல்ல ஒரே பரப்பைத் தேடும் இன்றைய ஆய்வுகள் யாவும், சில நனோமீற்றர் தடிப்புள்ள அவ்வொட்சைட்டுப் படையில் இவ்விரு கலைகளையும் ஒருங்கிணைக்கும் முயற்சியே எனலாம்.